உண்டதும் உற்றதும்



சீகிரியாக் குன்றின்மீது ஏறச் செல்வோர், வழியிலே அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்ளும் அறிவிப்புப் பலகைகளைக் காண்பர். ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்ப மன்னன் அரண்மனை அமைத்த அப்பாறையின் செங்குத்துச் சுவர்களில் மலைத்தேனீக்கள் கூடு கட்டி வாழ்கின்றன. அவை கலைந்து வந்து கொட்டினால் என்ன நிகழும் என்பதை அவ்வூரார் நன்கறிவர். கொட்டிய இடம் சிவந்து தடிக்கும், அரிக்கும். பல தேனீக்கள் கொட்டினவாயின் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். தேனீயின் நஞ்சிலே பல பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் ஒன்று ஹிஸ்டமின் என்பது. வேறு சில, நம் உடலிலே முன்னரே சேமித்து வைக்கப்பட்டிருக்கும் ஹிஸ்டமினை வெளிவிடச் செய்வன.

இதே ஹிஸ்டமின், தேனீயின் துணையின்றிச் சோற்றுத் தட்டின் வழியாகவும் நம் உடலுட் புகக்கூடும். அவ்வாறு புகும்போது சிலருக்கு மட்டும் தொல்லை விளைவது ஏன், அத்தொல்லைக்குக் காரணமான உணவை ஒருவர் தாமே குறிப்பெழுதிக் கண்டறிவது எவ்வாறு என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஹிஸ்டமின் நமக்குப் புறம்பான பகைப்பொருள் அன்று. 1907ஆம் ஆண்டிலே ஆய்வுகூடத்திற் செயற்கையாக ஆக்கப்பட்ட இப்பொருள் உடலிலே புரியும் செயல்களை, 1910ஆம் ஆண்டிலே இங்கிலாந்தைச் சேர்ந்த ஹென்றி டேல், பற்றிக் லெயிட்லோ ஆகிய இருவரும் விரித்துரைத்தனர். இரைப்பையில் அமிலம் சுரப்பதற்கும், மூளை விழிப்பாயிருப்பதற்கும், காயம் பட்ட இடத்துக்குக் குருதி விரைவதற்கும் அது வேண்டும். அளவு மிஞ்சும்போதே அது தொல்லையாகின்றது. உணவோடு வரும் ஹிஸ்டமின் அவ்வாறு மிஞ்சாதபடி, குடலின் சுவரிலே ஒரு நொதியம் காவலாக நின்று அதனைச் சிதைத்துவிடுகின்றது. இன்சுலினைக் கண்டறிந்தோருள் ஒருவரான சார்ள்ஸ் பெஸ்ட் என்பார், ஹிஸ்டமினை அழிக்கும் ஆற்றல் உடலின் திசுக்களுக்கு உண்டு என்பதை 1929ஆம் ஆண்டிலே காட்டினார். குடலிலே அவ்வேலையைச் செய்யும் நொதியத்துக்கு இன்று டயமின் ஒக்சிடேஸ் என்று பெயர்.

இக்காவல் தளர்ந்திருப்பவர்க்கு, ஏனையோரைப் பாதிக்காத அளவு ஹிஸ்டமினும் மிகையாகிவிடும். முகம் சிவத்தல், தலையிடி, மூக்கடைப்பு, தோலில் அரிப்பும் தடிப்பும், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, நெஞ்சுப் படபடப்பு என்பன உண்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தோன்றும். இந்நிலையினை ஹிஸ்டமின் தாங்காமை என்கின்றனர். 2007ஆம் ஆண்டிலே மைன்ற்ஸ், நோவாக் என்னும் இரு ஆய்வாளர் இதனைப்பற்றி எழுதிய நீண்ட ஆய்வுரைக்குப் பின்னர் இப்பெயர் பரவலாயிற்று. எனினும், இந்நிலை எத்துணைப் பேருக்கு உண்மையாக உண்டு என்பதில் வைத்தியரிடையே ஒருமித்த கருத்து இல்லை. குருதியிலே நொதியத்தின் அளவைச் சோதித்து மட்டும் இதனை உறுதிப்படுத்த இயலாது என்று செருமானிய வைத்தியர் சங்கங்களின் வழிகாட்டி கூறுகின்றது. ஆகவே, நோயை உறுதியாகக் காட்டும் சோதனை இல்லாத இவ்விடத்திலே, நோயாளர் தாமே எழுதும் உணவுக் குறிப்பேடு வைத்தியருக்குப் பெருந்துணையாகின்றது.

உண்டதையும் உற்றதையும் இணைத்துப் பார்ப்பதால் என்ன பயன் விளையும் என்பதற்கு, நம் இலங்கைத் தீவே சிறந்ததோர் எடுத்துக்காட்டினை அளித்திருக்கின்றது. காசநோய்க்கு 1952ஆம் ஆண்டு முதல் ஐசோனியசிட் என்னும் மருந்து வழங்கப்பட்டு வருகின்றது. அதனை உட்கொண்டுவந்த நோயாளர் சிலருக்கு, எதிர்பாராத வகையிலே முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணுவதே இயல்பு. ஆனால், அதே மருந்தை நாள்தோறும் உண்போருக்கு ஒரு நாள் மட்டும் இவ்வாறு நேர்வானேன்? அந்த நாளிலே அவர்கள் உண்ட உணவு யாது என்று வினவியபோது விடை கிடைத்தது. அது மீன், சிங்களத்திலே பலயா என வழங்கும் சூரை போன்ற மீன். மார்புநோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொட அவர்களும், மருந்தியலறிஞர் எஸ். ஆர். கொட்டேகொட அவர்களும் இதனை ஆராய்ந்து 1977ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். மீனிலே ஹிஸ்டமின் மிகுந்திருந்தது. ஐசோனியசிட் மருந்தோ ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியத்தின் செயலைத் தடுக்கின்றது. வாயிலின் வழியே வருவோர் தொகை பெருகிய வேளையிலே காவலனின் கையும் கட்டப்பட்டிருந்தது. 1979ஆம் ஆண்டிலே, பாற்கட்டி உண்ட காசநோயாளர் ஒருவருக்கும் இவ்வாறே நிகழ்ந்தமை அறிவிக்கப்பட்டது.

நேயர்களே, இக்கண்டுபிடிப்பின் பெறுமதியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மருந்துதான் குற்றவாளி என்று முடிவு செய்து நோயாளர் அதனை நிறுத்தியிருந்தால், காசநோய் மீண்டும் தலைதூக்கும். மருந்துக்கு அடங்காத வகையாக அது மாறவும் கூடும். மீன் முழுவதுமே ஆகாது என்று முடிவு செய்திருந்தால், நல்லுணவு வேண்டிய நோயாளர் அவ்வுணவை இழந்திருப்பர். ஐயம் கொண்ட பொருளையெல்லாம் விலக்காமல், இன்ன மருந்தோடு இன்ன மீன், இன்ன நிலையில் ஆகாது என்று அளந்து கூறியமையால் மருந்தும் தொடர்ந்தது. உணவும் பெரும்பாலும் காக்கப்பட்டது. உணவுக் குறிப்பேட்டின் நோக்கமும் இதுவே. எதனை விலக்கலாம் என்று தேடுவதைக் காட்டிலும், எதனை விலக்க வேண்டியதில்லை என்று தெளிவதற்காகவே அது எழுதப்படுகின்றது.

இனி, மீனிலே ஹிஸ்டமின் எங்ஙனம் உண்டாகின்றது என்பதைக் காண்போம். சூரை, கெலவல்லா, கும்பளா, சாளை முதலிய கடல்மீன்களின் தசையிலே ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதியாக உள்ளது. அதனாலே தீங்கில்லை. மீன் இறந்தபின் அது வெப்பத்திலே கிடக்குமாயின், சில வகை நுண்ணுயிர்கள் பெருகி, ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. நம் நாட்டு வெயிலிலே இதற்குச் சில மணி நேரமே போதும். ஒரு முறை உண்டான ஹிஸ்டமின், கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் தகரத்தில் அடைத்தாலும் அழிவதில்லை. குளிர்பெட்டியில் உறைய வைத்தலும் மேலும் உண்டாகாமற் காக்குமேயன்றி, உண்டானதை நீக்காது. கொறுக்காய்ப்புளி சேர்த்து வற்றக் காய்ச்சும் அம்புல் தியல், புளிப்பினாலே நுண்ணுயிரின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆயினும் சட்டியிலே இடுமுன்னர் மீனில் உண்டாகிவிட்ட ஹிஸ்டமினை அதுவும் மாற்றமாட்டாது.

கண்ணும் மூக்கும் இங்கே முழுமையாக உதவுவதில்லை. நாற்றமில்லாத மீனிலும் ஹிஸ்டமின் மிகுந்திருத்தல் கூடும். அன்றியும், ஒரே மீனின் ஒரு துண்டிலே மிகுந்தும், மற்றொரு துண்டிலே குறைந்தும் இருக்கும். ஆதலினாலே, ஒரே பந்தியில் உண்ட ஐவருள் ஒருவருக்கு மட்டும் தொல்லை நேரலாம். அவர் தமக்கு மீன் ஒவ்வாது என்று எண்ணி வாழ்நாள் முழுவதும் அதனை விலக்கிவிடுவதும் உண்டு.

எவ்வளவு ஹிஸ்டமின் தீங்கானது? ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு, 2012ஆம் ஆண்டிலே இதனை ஆராய்ந்தது. நலமுள்ள ஒருவர் ஒரு வேளை உணவிலே 50 மில்லிகிராம் வரை ஏற்றாலும் தீங்கில்லை என்பது அக்குழுவின் முடிவு. உலக உணவு நியமத்தின்படி மீனிலே 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் என்பது மேல் எல்லை. அவ்வெல்லையை எட்டிய மீனிலே கால் கிலோகிராம் உண்டால், மேற்கூறிய 50 மில்லிகிராமும் வந்துவிடுகின்றது. ஹிஸ்டமின் தாங்காதவருக்கோ இதனினும் மிகக் குறைந்த அளவே தொல்லை தரலாம். அவ்வளவு இன்னதென்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இப்பொழுது மீண்டும் சீகிரியாவுக்கு வருவோம். மாத்தளை மாவட்டத்தின் வட பகுதியிலே, நாற்புறமும் நிலம் சூழ்ந்த ஊர் அது. திருகோணமலைக் கடற்கரையிலிருந்து ஹபரணை வழியாக வருமாயின், மீன் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் பயணம் செய்ய வேண்டும். அதற்கு முன்னரே ஆழ்கடற் படகிலே அது பல நாட்கள் கிடந்திருக்கலாம். பின்னர்ச் சந்தை, சந்தையிலிருந்து மோட்டார் சைக்கிளின் பின்னே பெட்டி கட்டி வரும் வியாபாரி, அதன்பின் வீட்டுச் சமையலறை. இத்துணைக் கைகளில் எந்த ஒன்றிலே பனிக்கட்டி குறைந்தாலும் மீனின் தன்மை மாறிவிடும். அதே ஊரிலே குளத்து மீனும் கிடைக்கின்றது. 1952ஆம் ஆண்டிலே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, இன்று உலர்வலயக் குளங்களில் நிறைந்துள்ளது. அதன் தசையிலே ஹிஸ்டிடின் குறைவு. குளத்துக்கும் அடுப்புக்கும் இடைப்பட்ட நேரமும் குறைவு. எனவே, "மீன் உண்டேன், தலை இடித்தது" என்னும் குறிப்பு பயன் தராது. எந்த மீன், எங்கிருந்து வந்தது, எப்பொழுது வாங்கியது, எவ்வாறு வைத்திருந்தது என்பனவற்றையும் எழுதினாற்றான் உண்மை புலப்படும். உணவின் பெயரோடு உணவின் வயதையும் எழுதுக என்பதே இப்பேச்சின் சாரம்.

குறிப்பேடு எழுதுவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கொப்பி ஒன்று போதும். ஒவ்வொரு பக்கத்தையும் ஐந்து நிரல்களாகப் பிரித்துக் கொள்க. முதல் நிரலிலே உண்ட நேரம். இரண்டாவதிலே உணவும் அதன் அளவும். கறியின் பெயரை மட்டுமன்றி, அதிலே சேர்ந்த மாசி, கருவாடு, தக்காளி, வினாகிரி என்பவற்றையும் குறித்தல் வேண்டும். மூன்றாவதிலே உணவின் வயது. அதாவது வாங்கிய நாள், சமைத்த நேரம், சமைத்தபின் வைத்திருந்த விதம். நான்காவதிலே உடலில் நேர்ந்த மாற்றமும், அது தொடங்கிய நேரமும், நீங்கிய நேரமும். ஐந்தாவதிலே மருந்து, மதுபானம், தூக்கக்குறைவு, கடும் வெயில், பெண்களாயின் மாதவிடாய் நாட்கள் ஆகியன. தொல்லை இல்லாத நாட்களையும் விடாமல் எழுதுக. தொல்லை நேர்ந்த நாளை மட்டும் எழுதினால், அந்த நாளின் உணவெல்லாம் குற்றவாளிகளாய்த் தோன்றும். அவற்றுட் பலவற்றை வேறு நாட்களிலே நலமாய் உண்டமை மறைந்துவிடும்.

ஓர் உதாரணம் கூறுவேன். ஞாயிறு பகல் சூரைக் கறியும் சோறும் உண்டவருக்கு அரை மணியிலே முகம் சிவந்து தலை இடித்தது என்று கொள்வோம். மூன்றாவது நிரலைப் பார்த்தால், மீன் சனி காலை வாங்கியது. மாலை வரை குளிரூட்டப்படவில்லை. மறு வாரம், பனிக்கட்டியிலே வந்த சூரையை வாங்கியவுடன் சமைத்து உண்டபோது ஒன்றும் நேரவில்லை. இரண்டு வரிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு, சூரையே ஆகாது என்ற முடிவு தோன்றாது. வெளியிற் கிடந்த மீன் ஆகாது என்பதே தோன்றும். எனினும் ஒரு முறை நேர்ந்ததைக்கொண்டு முடிவு செய்தலாகாது. இரண்டு மூன்று முறை அவ்வாறே நேர்ந்தால் அதனை வைத்தியருக்குக் காட்டலாம்.

வழக்கமான உணவோடு ஓரிரு வாரம் இவ்வாறு எழுதியபின், வைத்தியரின் ஆலோசனையோடு அடுத்த படிக்குச் செல்லலாம். செருமானிய வழிகாட்டி மூன்று படிகளை வகுத்துள்ளது. முதற்படியாக, பத்து முதல் பதினான்கு நாள் வரை ஹிஸ்டமின் மிகுந்த உணவுகளைக் குறைத்தல் வேண்டும். கருவாடு, மாசி, தகரத்தில் அடைத்த மீன், நாட்பட்ட பாற்கட்டி, பதனிட்ட இறைச்சி, வைன் முதலிய மதுவகை, சோயாச் சாறு என்பன அவற்றுள் அடங்கும். தக்காளியிலும் கத்தரிக்காயிலும் இயல்பாகவே ஓரளவு ஹிஸ்டமின் உண்டு. சோறு, குரக்கன் பிட்டு, புதிதாய்ச் சமைத்த பருப்பு, பூசணி, பீர்க்கு, புடோல், முட்டை, அன்றே பிடித்த குளத்து மீன் ஆகியவற்றைக்கொண்டு இந்நாட்களைக் கழிப்பது கடினமன்று. தம்புள்ளைப் பொருளாதார நிலையம் அண்மையிலிருக்கும் ஊராருக்குப் புது மரக்கறிக்குக் குறைவு ஏது? இரண்டாம் படியிலே, ஆறு வாரம் வரை, விலக்கிய உணவுகளை ஒவ்வொன்றாக, சிறிது சிறிதாக மீண்டும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். மூன்றாம் படியிலே, உண்மையாகத் தொல்லை தருவன எவை, எவ்வளவு வரை தாங்கும் என்பதற்கேற்ப நிலையான உணவினை வகுத்துக்கொள்ளலாம்.

பலர் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றனர் என்பதே கவலைக்குரியது. சற்றே நலம் கண்டதும், விலக்கியவற்றை மீண்டும் உண்ண அஞ்சுகின்றனர். பின்னர் ஒரு தலையிடி வந்தால், மேலும் ஓர் உணவை விலக்குகின்றனர். ஈற்றிலே தட்டிலே சோறும் உப்புமே எஞ்சும். வளரும் பிள்ளைகளுக்கும், கருவுற்ற பெண்களுக்கும், நோயினின்று தேறுவோருக்கும் இது பெருந்தீங்கு. அவர்களுக்கு உணவு விலக்குவதாயின் வைத்தியரைக் கேளாமல் விலக்கலாகாது. பாலினாற் பெரியவர்க்கு வரும் வயிற்றுத் தொல்லை பெரும்பாலும் பாற்சர்க்கரை செரியாமையால் வருவது. நாள்பட்ட தோல் தடிப்புக்கும் தலையிடிக்கும் வேறு காரணங்கள் பல உண்டு. ஹிஸ்டமின் என்ற ஒரு பெயரைக் கற்றுக்கொண்டமையால், எல்லா நோய்க்கும் அதுவே காரணம் என்று கொள்ளுதல் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகளைக் கூறி முடிக்க விரும்புகின்றேன். உண்டபின் மூச்சுத் திணறினாலோ, நாவும் தொண்டையும் வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ, அது குறிப்பெழுதும் வேளையன்று. மீனுக்கோ நிலக்கடலைக்கோ உடல் கொள்ளும் கடும் ஒவ்வாமையாக அது இருக்கலாம், உயிருக்கு ஆபத்தானது. 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் சுவசெரிய நோயாளர் ஊர்தி இலவசமாக வரும். காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் செல்க. அத்தகைய ஒவ்வாமை ஒரு முறை நேர்ந்தவர், அவ்வுணவை வீட்டிலே தாமாக மீண்டும் சோதித்துப் பார்த்தலும் ஆகாது. மற்றொன்று: ஐசோனியசிட் மருந்து உண்போர் தொல்லை கண்டதும் மருந்தை நிறுத்தற்க. மாவட்டந்தோறும் உள்ள மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குச் சென்று, உண்டதையும் உற்றதையும் உரையுங்கள். சிகிச்சை முடியும்வரை எம்மீனைத் தவிர்க்கலாம் என்று அவர்கள் கூறுவர்.

இல்லறத்தார்க்கு இதிலே செய்யத்தக்கது எளியது. மீன் வாங்கும்போது பனிக்கட்டி உண்டா என்று கேளுங்கள். வாங்கியதை வெயிலிலே சுமந்து திரியாமல் வீடு சேர்த்து, உடனே சமையுங்கள், அன்றேல் குளிரிலே வையுங்கள். மிஞ்சிய கறியை அடுப்போரத்திலே இரவு முழுவதும் விட்டுவிடாதீர்கள். வீட்டில் ஒருவருக்குக் குறிப்பேடு வேண்டியிருந்தால், சமைப்பவரும் உண்பவரும் சேர்ந்து எழுதுங்கள்; மீன் வந்த நேரத்தைச் சமைப்பவரே அறிவார், தலை இடித்த நேரத்தை உண்டவரே அறிவார். அவ்வாறு இருவர் எழுதிய சில வாரக் குறிப்பு, அஞ்சி விலக்கிய உணவுகளுட் பலவற்றை மீண்டும் அவர்தம் இலையிலே சேர்த்து வைக்கும்.